புளிக்காத மீன்

ஜூலை 11, வியாழன். காலை 6.40.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மூன்றாம் படுக்கையில் தாக் மான்ஹோவின் நாடி நின்றுபோனது. டாக்டர் மா தன் கையாலேயே சொட்டுக் குழாயை மூடினார். பையில் மருந்து பாதி மிச்சமிருந்தது.

மான்ஹோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் கணவாய் மீன் பிடிக்கும் படகு ஓட்டியவர். ஜூன் 29 அன்று குடல் கிழிந்து வந்தார். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கியது. ரத்தத்தில் குடல் கிருமி. வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசிக் கையிருப்பாகப் பூட்டி வைத்திருக்கும் லினெசோலிட் மருந்தை இறக்கினார்கள். ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் அரை டிகிரிகூட இறங்கவில்லை.

இறப்புக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. “வெளியிலிருந்து கொண்டுவந்த உணவு காரணமாக இருக்கலாம்.” முந்தின நாள் மனைவி ஒரு கரண்டி சிக்ஹே ஊட்டியதை நர்ஸ் பார்த்திருந்தாள். தட்டைமீனை உப்பிட்டு, வெந்த தினையும் முள்ளங்கியும் மிளகாய்ப்பொடியும் பிசைந்து புளிக்கவைக்கிற அந்தப் பண்டம் இந்தத் துறைமுகத்தில் இல்லாத வீடு கிடையாது. அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு மான்ஹோவின் அண்ணன் போலீசுக்குப் போனார். பத்து மணிக்கு, அந்த ஜாடியை விற்ற எயோம் பொக்சிலின் சிக்ஹே கடைக்குச் சீல் விழுந்தது.

பிற்பகல் 2.15.

நாம்குங் ஹேவொன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மாகாணத்தின் தொற்றுநோய் விசாரணை அதிகாரி, நாற்பத்தேழு வயது. ஒரு காலத்தில் கால்நடை மருத்துவர். மாட்டுக்கும் கோழிக்கும் ஊசி போட்ட கை என்று சக அதிகாரிகள் கிண்டல் செய்வார்கள். அவள் பொருட்படுத்துவதில்லை.

“லினெசோலிட் இதுக்கு முன்னாடி அவருக்குக் குடுத்திருக்கீங்களா?”

“இல்ல,” என்றார் டாக்டர் மா. “அவருக்கு மட்டுமில்ல, இந்த ஆஸ்பத்திரில ரெண்டு வருஷமா யாருக்கும் குடுக்கல. பூட்டித்தான் வெச்சிருந்தோம்.”

“அப்ப இந்த மருந்தையே பார்க்காத கிருமி, அதை எதிர்க்க எங்க கத்துக்கிட்டது?”

டாக்டரின் கண்கள் ஐந்தாம் படுக்கைக்குப் போயின. யாங் மிரே, முப்பத்துநாலு வயது, நகரப் பேருந்து ஓட்டுநர். சிறுநீரகக் கல்லுக்கு வந்தவள். நேற்றிலிருந்து காய்ச்சல்.

“இவங்க ரத்தத்திலயும் குடல் கிருமிதான். சாயங்காலம் லினெசோலிட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

ஹேவொன் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த மிரேயின் கணவனிடம் ஒரே கேள்வி கேட்டாள். அவன் யோசிக்காமல் தலையாட்டினான். ஆமாம், பொக்சில் கடை ஜாடிதான். ஜூன் முழுக்க அதுதான் சோற்றுக்கு.

அவள் உள்ளே திரும்பினாள். “டாக்டர், அந்த மருந்து வேண்டாம். டாப்டோமைசின் குடுங்க.”

“ஆதாரம்?”

“மூணு நாலு நாள்ல வரும். இவங்களுக்கு அத்தனை நாள் இல்ல.”

“மான்ஹோ படுக்கையிலேருந்து எங்க நர்சுங்க கை வழியா இவங்களுக்கு வந்திருந்தா?”

“எந்த வழியா வேணா வந்திருக்கட்டும். அதே கிருமின்னா அதே மருந்து மறுபடி தோக்கும்.”

டாக்டர் மா மருந்துச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார்.

மாலை 4.30.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் மான்ஹோவின் படத்துக்குமுன் ஹேவொன் இரண்டு முறை விழுந்து வணங்கினாள். கறுப்பு உடையில் அவர் மனைவி சூ ஒக்னிம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

“நான்தான் கொன்னேன்,” என்றாள் ஒக்னிம். யாரும் கேட்காமலே சொன்னாள். “கஞ்சி இறங்கலன்னாரு. ஒரு வாய் சிக்ஹே குடுடின்னு கையப் புடிச்சாரு. ஒரே கரண்டிதான் குடுத்தேன்.”

“அது எப்ப?”

“நேத்து மத்தியானம்.”

“காய்ச்சல் வந்தது ஜூலை ரெண்டாம் தேதி, அம்மா. நேத்து குடுத்த கரண்டி எட்டு நாள் பின்னால போய்க் காய்ச்சலக் கொண்டுவராது.”

ஒக்னிம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கணக்கை அதுவரை யாரும் அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கவில்லை.

“அதுக்கு முன்னாடியும் அதே ஜாடிலேருந்தா சாப்பிட்டாரு?”

“ஜூன் மாசம் பூரா. ஆனா திட்டிக்கிட்டே சாப்பிட்டாரு. மூக்குல ஏறுற மாதிரி புளிச்சாத்தான் அவருக்குப் புடிக்கும். இந்தத் தடவ புளிக்கவே இல்ல. ‘பொக்சில் அக்காவுக்கு வயசாயிடுச்சு, கைப்பக்குவம் போயிடுச்சு’ன்னாரு. நான் ரெண்டு நாள் வெயில்ல ஜன்னல்ல வெச்சேன். அப்பவும் நேத்து பிசைஞ்ச மாதிரியே இருந்தது.”

வீட்டுச் சாவியை வாங்கிப் போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஹேவொன் ஜாடியை எடுத்தாள். பாதி காலியான பிளாஸ்டிக் ஜாடி. வழவழப்பான சிவப்பு மூடி. ‘தயாரித்தது ஜூன் 3’ என்று கையால் எழுதிய சீட்டு. முகர்ந்தாள். பூண்டும் மிளகாயும் மணத்தன. புளிப்பு வாடை இல்லை.

ஜூலை 12, வெள்ளி. காலை 9.30.

கடைக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பே கில்சு சில்லுகளைத் தாண்டி முன்னால் நடந்தார். பருத்த உடம்பு, வாயில் எப்போதும் ஒரு ஜின்செங் மிட்டாய்.

“பாருங்க மேடம். கொலைக் கேஸுன்னா கத்தியத் தேடலாம், கயிறத் தேடலாம். நீங்க மீன் ஊறுகாயத் தேடச் சொல்றீங்க. என் சர்வீஸ்ல இது முதல் தடவ.”

“எனக்கு முதல் தடவ இல்ல.”

எயோம் பொக்சிலுக்கு அறுபத்துமூன்று வயது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து அகதியாக வந்த மாமியாரிடம் சிக்ஹே கற்றவள். இரண்டு வருடம் முன்பு கணவன் இறந்தபிறகு கடையை அவளும் கணவனின் தம்பி பியோ தல்ஜேயும் நடத்துகிறார்கள். உப்பிடுவது, பிசைவது அவள். ஜாடியில் அடைப்பது, சீட்டு எழுதுவது, கூரியரில் அனுப்புவது அவன்.

“மீன் யார்கிட்ட வாங்கறீங்க?”

“துறைமுகத்துல கூ கிட்டதான். இருபது வருஷமா,” என்றாள் பொக்சில்.

கில்சு குறுக்கிட்டார். “கூ பண்ணை மீனக் கடல் மீன்னு சொல்லித் தலையில கட்டறான்னு ஊருல பேச்சிருக்கே?”

“பேச்சுதான் சார்,” என்றான் தல்ஜே. ஐம்பது வயது, ஒல்லி. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் நின்றான். “பண்ணை மீன் எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் பண்ணைல தீனி போட்டிருக்கேன். இது கடல் மீன்.”

“ஜூன் 3 பிசைஞ்சதுல வீட்டுக்குன்னு எதாவது எடுத்து வெச்சீங்களா?”

பொக்சில் கொல்லைக்கு அழைத்துப்போனாள். நிழலில் ஒரு சிறிய மண்பானை. திறந்ததும் புளிப்பு மணம் முகத்தில் அடித்தது; மேலே குமிழ்கள் மெல்ல வெடித்தன. கில்சுகூட எச்சில் விழுங்கினார்.

“அதே மீன், அதே நாள், அதே பிசைவு,” என்றாள் பொக்சில். “பாதி இங்க போட்டேன். பாதி தம்பி ஜாடில அடைச்சாரு. மேல மிளகாய்த் தண்ணி ஊத்தி மூடுறது அவர் வேல.”

ஹேவொன் பானையிலிருந்து மாதிரி எடுத்தாள். அலமாரியில் இருந்த திறக்காத ஜாடிகளில் மூன்றை எடுத்தாள். பிறகு கொல்லைக் குழாயடியில் கை கழுவினாள். சோப்பு ஒரு சிவப்பு மூடியின்மேல் இருந்தது. மூடியின் நடுவில் ஊசி முனையளவு துளை. அது வழியே சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பழைய ஜாடி மூடி,” என்றாள் பொக்சில், ஹேவொன் பார்ப்பதைக் கவனித்து. “சோப்பு வைக்க நல்லா இருக்கு, தண்ணி தங்காது. ஏப்ரல்ல தம்பி புது மூடி வாங்கினப்ப இதெல்லாம் மிச்சமாயிடுச்சு.”

ஹேவொன் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 13, சனி. காலை 11.00.

கில்சு செய்தித்தாளை ஹேவொனின் மேசைமேல் விரித்தார். “சிக்ஹே பானையில் எமக்கிருமி” என்று கொட்டை எழுத்து. ஆய்வகத்தின் முதல் அறிக்கை எப்படியோ வெளியே கசிந்திருந்தது.

“முடிஞ்சது கதை. பானை மாதிரில வான்கோமைசின் மருந்துக்கே சாகாத கிருமி கோடிக்கணக்குல. அந்தம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?”

“நீங்க இன்னிக்குக் காலைல புளிச்ச கிம்ச்சி சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“அப்ப உங்க வயித்துலயும் அதே கிருமி கோடிக்கணக்குல இருக்கு. முதல்ல உங்களத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

கில்சு மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“வான்கோமைசின் கிருமியோட சுவர்ல ஒரு குறிப்பிட்ட செங்கல்லப் புடிச்சுத்தான் அதைக் கொல்லும்,” என்றாள் ஹேவொன். “இந்தப் புளிப்புக் கிருமிங்க பிறவிலேயே வேற செங்கல் வெச்சுக் கட்டுது. மருந்துக்குப் புடிமானம் இல்ல. அது அதோட சொந்த உடம்புல ஊறின மரபணு. பக்கத்துக் கிருமிக்குத் தூக்கிக் குடுக்காது. மனுஷன் ஆயிரம் வருஷமா அதைத் தின்னுட்டு இருக்கான்.”

“அப்ப மான்ஹோவக் கொன்னது?”

“அது வேற ஜாதிக் கிருமி. பானைல இருக்கிறதுக்கு எதிர்ப்பு பிறவிக் குணம். அதுகிட்ட இருக்கிறது கள்ளச்சாவி. யார்கிட்டயோ வாங்கினது. எந்தப் பூட்டுக்காகச் செஞ்ச சாவின்னு தெரிஞ்சா, செஞ்ச இடமும் தெரியும்.”

ஜூலை 15, திங்கள். பிற்பகல் 3.20.

இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவது டாக்டர் மாவிடமிருந்து. மிரேயின் காய்ச்சல் இறங்கிவிட்டது. காலையில் உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கிறாள்.

இரண்டாவது ஆய்வகத்திலிருந்து. ஹேவொன் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தாள். பிறகு கில்சுவை அழைத்தாள்.

“நாளைக்குக் காலைல பொக்சில் வீட்டுக்குப் போகலாம். தல்ஜேயும் இருக்கட்டும்.”

ஜூலை 16, செவ்வாய். காலை 10.00.

நாலு பேரும் கடையின் பின்கட்டில் தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பொக்சில் வாற்கோதுமைத் தேநீர் ஊற்றினாள். யாரும் தொடவில்லை.

“மான்ஹோ ரத்தத்துல இருந்த கிருமி, மிரே ரத்தத்துல இருந்த கிருமி, ஒக்னிம் வீட்டு ஜாடில இருந்தது, உங்க அலமாரி ஜாடில இருந்தது, எல்லாம் ஒண்ணுதான்,” என்று தொடங்கினாள் ஹேவொன். “அதுக்குள்ள ஒரு சின்ன மரபணு வளையம் இருக்கு. ஒரு கிருமிகிட்டேருந்து இன்னொண்ணுக்குத் தாவக்கூடியது. அந்த வளையத்துல ரெண்டு மரபணு பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணு லினெசோலிட் ஒட்டுற இடத்துல மருந்து ஒட்டாம காக்குது. இன்னொண்ணு ஒரு மருந்தப் புடிச்சு வெளியே தள்ளுது. எந்த மருந்து தெரியுமா? ஃப்ளோர்ஃபெனிகால். மனுஷங்களுக்கு அதைக் குடுக்கறதே இல்ல. ஆடு, மாடு, கோழி, பண்ணை மீன். நான் மாட்டு டாக்டரா இருந்தப்ப என் பையிலேயே இருக்கும். அந்த மருந்து எங்க இருக்கோ, அங்க இந்த வளையம் உள்ள கிருமி மட்டும் பிழைக்கும். லினெசோலிட் எதிர்ப்பும் கூடவே வளரும்.”

“அப்ப ஆஸ்பத்திரி மேல தப்பில்ல,” என்றார் கில்சு. “கூ மேலதான். பண்ணை மீன வித்திருக்கான்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா மீன்ல மருந்து இருந்தா பானைலயும் இருக்கணும். ஒரே மீன், ஒரே பிசைவு. பானைல மருந்து துளிகூட இல்ல. நல்லா புளிச்சிருக்கு. திறக்காத ஜாடில மருந்து இருக்கு. புளிப்புக் கிருமி ஒண்ணுகூட உயிரோட இல்ல. மீன் வயித்துல எங்கயோ அஞ்சாறு இருந்த அந்தக் கள்ளச்சாவிக் கிருமிக்கு ஜாடி பூரா காலி இடம். போட்டிக்கு ஆள் இல்ல, புளிப்பும் இல்ல. அது பெருகிடுச்சு. மான்ஹோ ஒரு மாசம் அதைத் தின்னாரு. குடல் கிழிஞ்சதும் ரத்தத்துக்கு வந்துடுச்சு.”

பொக்சிலின் குரல் மெதுவாக வந்தது. “அப்ப பானைக்கும் ஜாடிக்கும் நடுவுல...”

“ஆமா. அந்த நடுவுல ரெண்டு பேர் கைதான் பட்டுது.”

உடைந்த கண்ணாடியில் ஒட்டிய காகிதம் கடல்காற்றில் படபடத்தது.

“சிக்ஹே புளிக்கறப்ப காத்து விடும். அதுக்காகத்தான் பழைய மூடில ஊசித்துளை வெச்சிருந்தீங்க. துளை இல்லன்னா ஜாடி வெடிக்கும். இந்தத் தொழில்ல இருக்கிற யாருக்கும் அது தெரியும். ஏப்ரல் மாசம் ஒருத்தர் துளையில்லாத மூடி வாங்கியிருக்காரு. வெயில் காலம் பூரா முன்னால இருக்கறப்ப. இனிமே ஜாடில காத்து வராதுன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருந்தாத்தான் அதைச் செய்ய முடியும்.” ஹேவொன் திரும்பினாள். “மருந்த மிளகாய்த் தண்ணில கலந்தீங்களா, தல்ஜே?”

தல்ஜே மேசையைப் பார்த்தபடியே இருந்தான். மறுத்துப் பேசுவான் என்று கில்சு காத்திருந்தார். அவன் மறுக்கவில்லை.

“ஒரு ஜாடிக்கு ஒரு சிட்டிகை,” என்றான். “பண்ணைல என்கூட வேல செஞ்சவன்கிட்ட வாங்கினேன்.”

“ஏன் தம்பி?” என்றாள் பொக்சில்.

“போன ஆகஸ்ட்ல நாப்பது ஜாடி கூரியர் வண்டியிலயே வெடிச்சுது, அண்ணி. துளையோட இருந்தும் தாங்கல. மத்தவங்க பார்சல் எல்லாம் மீன் தண்ணி. கூரியர் ஆள் ஒரு ஜாடிய என் மேலேயே வீசிட்டு, இனிமே உங்க கடைச் சரக்கத் தொடமாட்டேன்னு போனான். அன்னிக்கு நீங்க கடைய மூடிடலாம்னு சொன்னீங்க. ராத்திரி சாப்பிடல. அண்ணன் சாகறப்ப கடைய உட்டுடாதடான்னு என்கிட்டதானே சொன்னாரு. மீன் தின்னு பொழைக்கிற மருந்துதானேன்னு நெனச்சேன். மனுஷனுக்கு என்ன ஆயிடும்னு நெனச்சேன்.”

“புளிக்காத சிக்ஹேய என் பேரப் போட்டு அனுப்பியிருக்கே,” என்றாள் பொக்சில்.

கில்சு எழுந்தார். ஹேவொன் கையமர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்க, இன்ஸ்பெக்டர். தல்ஜே, மொத்தம் எத்தன ஜாடி?”

“மே மாசத்துலேருந்து இருநூத்திப் பதினேழு.”

“யார் யாருக்குப் போச்சு? விலாசம் இருக்கா?”

“இல்ல. எழுதின சீட்டெல்லாம் பார்சலோடயே போயிடுச்சு.” அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். “ஆனா எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணும் என் கையால எழுதினது.”

காலை 11.10.

அவன் சொல்லச் சொல்ல ஹேவொன் எழுதினாள். ஊர், தெரு, பெயர், எந்தத் தேதி, எத்தனை ஜாடி. ஒரு இடத்திலும் அவன் தடுமாறவில்லை. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முன்வாசலில் வைத்தால் பூனை உருட்டிவிடும், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைக்கச் சொல்வார். இந்தம்மாவுக்குப் பல் இல்லை, மீனைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். கில்சு மிட்டாயைத் துப்பிவிட்டு நிலையத்துக்குச் சொல்லி இரண்டு பேரை வரவழைத்தார். அவர்கள் ஒவ்வொரு வீடாக அழைத்தார்கள். ஜாடியைத் திறக்காதீர்கள், திறந்திருந்தால் கொட்டாதீர்கள், ஆள் வந்து எடுத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் இருக்கிறார்களா, அறுவைக்கு நாள் குறித்தவர்கள் இருக்கிறார்களா?

இரண்டு மணி சுமாருக்கு ஒக்னிம் வந்து வாசலில் நின்றாள். கணவனை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஹேவொன் எழுந்து போய் நடந்ததைச் சொன்னாள். ஒக்னிம் கேட்டு முடித்து, உள்ளே உட்கார்ந்திருந்த தல்ஜேயை நெடுநேரம் பார்த்தாள். பொக்சில் எழுந்து வந்து உடைந்த கண்ணாடிக்கு நடுவே அவள்முன் மண்டியிட்டாள். ஒக்னிம் அவளைத் தூக்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. “முழங்கால்ல கண்ணாடி குத்தும், அக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.

மாலை 5.45.

இருநூற்றுப் பதினாறு ஜாடிகளின் கணக்கு முடிந்தது. எழுபத்துமூன்று திறக்கப்படாமல் இருந்தன. அறுவைக்கு நாள் குறித்த இரண்டு பேர் அகப்பட்டார்கள். அவர்களின் மருத்துவர்களுக்கு ஹேவொன் தானே பேசினாள்.

“ஒண்ணு பாக்கி,” என்றாள்.

தல்ஜே வாயைத் திறந்தான். முதன்முறையாக விலாசம் வரவில்லை.

“தேஜோன் நகரம்,” என்றான் கடைசியில். “பியோ சுல்கி.”

கில்சு எழுதப் போன பேனாவை நிறுத்தினார். “பியோவா?”

“என் மக. ஜூன்ல அனுப்பினேன். அவளுக்கு ரொம்பப் புடிக்கும்.”

அவன் தொலைபேசியைக் கையில் எடுத்தான். எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரல் அசையவில்லை. திரை மங்கி அணைந்தது. மறுபடி தட்டினான், மறுபடி அணைந்தது.

காலையில் பேசியதோடு சரி, அதன்பின் அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த பொக்சில் எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். எண்ணைத் தானே அழுத்தினாள்.

“சுல்கி, பெரியம்மா பேசறேன். அப்பா அனுப்பின ஜாடிய என்ன பண்ண?”

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. சிரித்த குரல்.

“அது போன மாசமே தீந்துபோச்சு பெரியம்மா. இன்னொண்ணு அனுப்பச் சொல்லுங்க அப்பாவ.”

பொக்சில் கண்ணை மூடித் திறந்தாள்.

“சரிம்மா. உடம்பு எப்படியிருக்கு? காய்ச்சல் எதுவும் இல்லையே? நாளைக்கு லீவு போடு. காலைல முதல் பஸ்ல நான் வர்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சோதனை பண்ணிக்கலாம். பயப்படாத, நான் கூட இருக்கேன். என்னன்னு வந்து சொல்றேன்.”

அவள் தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். தல்ஜே தானாகவே எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, கில்சுவுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தான். ஹேவொன் பட்டியலின் கடைசி வரியில் அந்தப் பெயரை எழுதினாள். எதிரே, ‘ஒரு ஜாடி, முழுவதும் தீர்ந்தது’ என்று குறித்தாள்.